நூல் பிடிக்கும் நாள்: வீட்டிலும் கோபுரத்திலும் உள்ள கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பதும் கட்டட வேலையை மேற்பார்வை செய்வதும் என் தொழில். அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்தில் கொத்தனாராக இருந்தவர். வடிவக் கணிதத்தைக் கல்லூரியில் படிப்பதற்குப் பல வருடங்கள் முன்பே, அவர் முளைக்குச்சி அடித்து நூல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு மணல் மேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வீடு கட்டப் போகிறவர்களும், பாலிடெக்னிக் மாணவர்களும், பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இன்ஜினியரும் கொத்தனாரும் இருக்கும்போது வீட்டுக்காரருக்கு எதற்குக் கணக்கு?

காங்கிரீட் இறுகிய பிறகு தவறைத் திருத்தப் பணம் கொடுக்கப் போகிறவர் வீட்டுக்காரர்தான். கம்பிக் கணக்கும் மண்ணின் தாங்குதிறனும் அதற்கென்று படித்தவர்களின் பொறுப்பு. அவற்றை அவர்களிடமே விட்டுவிடுங்கள். மூலை, மட்டம், நிழல், அறையின் அகலம் ஆகிய நான்கும் பள்ளிக்கூடக் கணக்குக்குள் அடங்கிவிடும். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்னால் ஒரே காலைப் பொழுதில் நீங்களே இவற்றைச் சரிபார்க்கலாம்.

மனையில் மூலை சரியாக இருக்கிறதா என்று நானே எப்படிச் சோதிப்பது?

மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மறு நூலில் 4 அடியும் அளந்து குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் அது செங்கோணம். பித்தாகரஸ் தேற்றம் என்று பள்ளியில் படித்தது இதுதான். கொத்தனார்கள் பெயர் சொல்லாமல் தினமும் செய்வதும் இதுதான்.

ஆனால் 3, 4, 5 என்று சின்னதாக நிறுத்திவிடாதீர்கள். இடம் இருந்தால் 9, 12, 15 என்று பெரிதாகப் போடுங்கள். மூலைமட்டத்தின் கை 2 அடி என்றால், அதன் நுனியில் அரைக்கால் அங்குலம் விலகினாலும் 40 அடி நீளச் சுவரின் கடைசியில் அது இரண்டரை அங்குலமாக வளர்ந்து நிற்கும். சின்ன முக்கோணம் சின்னத் தவறை மறைத்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது சோதனை மூலைவிட்டம். முதலில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பாருங்கள். பிறகு இரண்டு குறுக்களவுகளையும் டேப் வைத்து அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நான்கு மூலையும் சரி. எதிர்ப் பக்கங்களை அளக்காமல் குறுக்களவை மட்டும் நம்பக் கூடாது. ஒரு பக்கம் குறுகிய சரிவகத்துக்கும் குறுக்களவுகள் சமமாக வந்துவிடும்.

நான் தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில் இதில் தவறினேன். 30 அடிக்கு 40 அடி வீடு. நூல் பிடித்த நாளில் மழை தூறியது. முதல் மூலையை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற மூன்றையும் நாளை பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் போனபோது வானம் தோண்டி முடித்திருந்தார்கள். தரைக்கு டைல்ஸ் போடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. குறுக்களவு இரண்டும் 50 அடி இருக்க வேண்டும். ஒன்று 50 அடி 2 அங்குலம், மற்றொன்று 49 அடி 10 அங்குலம். நாலு அங்குலம் என்று கேட்கும்போது சிறியதாகத் தெரிகிறது. கணக்குப் போட்டால் 40 அடி நீளத்தில் சுவர் மூன்றேகால் அங்குலத்துக்கு மேல் சாய்ந்து போயிருந்தது. 11 அடி அறையில் டைல்ஸ் வரிசை ஒரு முனையில் முழுதாகத் தொடங்கி மறு முனையில் ஏறத்தாழ ஓர் அங்குலம் வெட்டுப்பட்டு முடிந்தது. அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு அறையிலும் அந்தக் கோணல் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அன்றிலிருந்து நான்கு மூலையும் இரண்டு குறுக்களவும் என் கையால் அளக்காமல் எந்த மனையிலிருந்தும் நான் கிளம்பியதில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு பழந்தமிழ்ச் சூத்திரம் வருகிறதே, வர்க்கமூலம் இல்லாமலே கர்ணத்தை (மூலைவிட்டத்தை) கண்டுபிடிக்கலாம் என்று. அதை வைத்து நூல் பிடிக்கலாமா?

நீளத்தை எட்டுக் கூறாக்கி, அதில் ஒரு கூறைத் தள்ளிவிட்டு, அகலத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்பது அந்தச் சூத்திரம். அதாவது நீளத்தில் எட்டில் ஏழு, அகலத்தில் இரண்டில் ஒன்று. எனக்கு இது மிகவும் பிடித்த கணக்கு. 4-க்கும் 3-க்கும் போட்டால் 3½ + 1½ = 5, அப்பழுக்கில்லாமல் வருகிறது. 12-க்கும் 5-க்கும் 13, அதுவும் சரி.

சதுரத்துக்குப் போட்டுப் பாருங்கள். 10-க்கு 10 என்றால் 13.75 வருகிறது; உண்மையில் 14.14. நீண்டு ஒடுங்கிய மனைக்குப் போனால் இன்னும் விலகும்: நீளம் 20, அகலம் 1 என்றால் சூத்திரம் 18 என்கிறது, கர்ணமோ 20-க்குச் சற்று மேல். நீளத்தைவிடக் கர்ணம் குறைவாக வருவது நடக்கவே முடியாத ஒன்று. சாதாரணமாக நாம் கட்டும் 30-க்கு 20 அளவில் சூத்திரம் 36 அடி 3 அங்குலம் தருகிறது, சரியான அளவு 36 அடி முக்கால் அங்குலம். மரம் வாங்கவும் ஓடு எண்ணவும் இந்த நெருக்கம் போதும். மூலை பார்க்க இரண்டேகால் அங்குலப் பிழை போதாது. முன்னோர் கணக்கு என்பதால் இதை ஏளனம் செய்பவர்களையும் எனக்குப் பிடிக்காது. சோதிக்காமல் சுவருக்குக் கொண்டுபோகிறவர்களையும் பிடிக்காது. எங்கே சரி, எங்கே சரியில்லை என்று தெரிந்து பயன்படுத்துவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

எந்த வடிவத்தில் கட்டினால் செலவு குறையும்?

80 அடி நீளத்துக்குச் சுவர் எழுப்ப உங்களிடம் செங்கல் இருக்கிறது என்று வையுங்கள். 10-க்கு 30 என்று கட்டினால் உள்ளே 300 சதுர அடி. 20-க்கு 20 சதுரமாகக் கட்டினால் 400. அதே 80 அடியை வட்டமாக வளைத்தால் 509 சதுர அடி. ஒரே சுவர், மூன்று விதமான இடம். வட்டத்தின் பரப்புக்கு நம் கணக்கதிகாரம் சொல்லும் வழியும் அழகானது: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு. சோதித்துப் பாருங்கள், இம்மி பிசகாமல் வரும்.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வட்டமாகவும் வளைவாகவும் சுவர்கள் கட்டினார். செங்கலைக் குத்துவாட்டில் வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையையும் அவர் பரவலாக்கினார். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். இருந்தும், 3 சென்ட் மனையில் வட்ட வீடு கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். கட்டிலும் பீரோவும் நேர்கோட்டில்தான் செய்யப்படுகின்றன. மனையின் நான்கு மூலையும் வீணாகும். சதுரத்தை ஒட்டிய வடிவமும் குறைந்த திருப்பங்களுமே நடைமுறைச் சிக்கனம். வரைபடத்தில் ஒவ்வொரு உள்வளைவும் வெளிநீட்டலும் கூடுதல் சுவர், கூடுதல் பூச்சு, கூடுதல் பெயிண்ட்.

அப்படியென்றால் கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களின் பழைய வீடுகள் ஏன் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கின்றன?

அங்கே சுவர் பொதுச்சுவர். இரண்டு பக்கமும் அடுத்த வீடு ஒட்டிக்கொண்டிருப்பதால், வெயிலும் மழையும் படும் சுவர் முன்னும் பின்னும் மட்டுமே. தெருவின் நீளத்தைப் பலரும் பங்கிட்டுக்கொள்ளலாம். விலை என்னவென்றால், நடு வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. அந்த இழப்பை ஈடு செய்யத்தான் முற்றம் வந்தது. திண்ணை, நடை, பட்டாசல் (கூடம்) என்று உள்ளே போகப் போக இருட்டிக்கொண்டே வரும். தார்சாவை ஒட்டிய முற்றத்தில் வானம் திறக்கும். அதற்கப்புறம் அரங்கும் அடுக்களையும். முற்றத்தை மூடித் தளம் போட்டுக் கூடுதல் அறை எடுக்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு மனம் பதறுகிறது. அந்த வீட்டின் நுரையீரல் அது. கண்ணாடியோ கம்பி வலையோ போடுங்கள், பக்கவாட்டில் காற்று போக வழி விடுங்கள், தளம் மட்டும் போடாதீர்கள்.

சன்ஷேடு எவ்வளவு நீட்ட வேண்டும்? எல்லா ஜன்னலுக்கும் ஒரே அளவு போதாதா?

போதாது. எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் விஷயம் இது. ஊர் முழுக்க நான்கு திசைக்கும் ஒரே நீட்டலில் சன்ஷேடு போட்டுக்கொண்டிருக்கிறோம். சூரியன் நான்கு திசையிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. சூரியனோ வருடத்தில் வடக்கே 23.4 பாகை வரையிலும் தெற்கே 23.4 பாகை வரையிலும் போய்த் திரும்புகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டிசம்பர் நடுப்பகலில் சூரியன் நம் உச்சிக்குத் தெற்கே 32 பாகை சாய்ந்திருக்கும். ஜூன் நடுப்பகலில் உச்சிக்கு வடக்கே 15 பாகைக்குச் சற்றுக் குறைவு. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று பல கட்டடப் புத்தகங்களில் படிக்கிறோம். டெல்லிக்கு அது பெருமளவு பொருந்தும். நமக்குப் பொருந்தாது. ஏப்ரல் 12-ஐ ஒட்டி, சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னால், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அன்று பகல் 12.20 வாக்கில் முற்றத்தில் ஒரு குச்சியை நிமிர்த்தி நட்டால் நிழல் விழாது. அதன் பிறகு ஆகஸ்ட் 30 வாக்கில் மறுபடி உச்சிக்குத் திரும்பும் வரை, ஏறத்தாழ நாலரை மாதம் நடுப்பகல் வெயில் வடக்குச் சுவரில்தான் விழுகிறது.

இனி நீட்டலைக் கணக்கிடலாம். ஜன்னலின் உயரத்தைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்க வேண்டும். 4 அடி உயர ஜன்னல் தெற்கே இருந்தால் 4 × 0.63, அதாவது இரண்டரை அடி. வடக்கே இருந்தால் 4 × 0.26, அதாவது ஓர் அடிக்குச் சற்று மேல். தெற்குக்கு இரண்டரை, வடக்குக்கு ஒன்றேகால் என்று போட்டால் வருடம் முழுக்க நடுப்பகல் வெயில் உள்ளே வராது.

கிழக்கும் மேற்கும் வேறு கதை. மார்ச் மாதக் கடைசியில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் மேற்கே நிற்கிறது. அதை 4 அடி ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு போட்டுத் தடுக்க 7 அடி நீட்டல் வேண்டும். இன்னும் அரை மணி போனால் 10 அடியும் போதாது. ஆகவே மேற்கில் காங்கிரீட்டை நீட்டிப் பயனில்லை. தாழ்வாரம் இறக்குங்கள், செங்குத்தான தடுப்பு வையுங்கள், இடம் இருந்தால் வேப்பமரம் வையுங்கள். முடிந்தால் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்குப் பக்கம் தள்ளிப் படுக்கையறையைக் காப்பாற்றுங்கள். அக்கினி நட்சத்திர வெயிலை வாங்கிய மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கும் கை வைத்தால் சுடுவதை உணர்ந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

ஹாலில் நடுவே தூண் வேண்டாம். 20 அடி அகலம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் 10 அடிக்கு ஆகும் செலவைப் போல் இரண்டு மடங்குதான் ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். சீராகப் பரவிய ஒரே சுமை இருக்கும்போது, பீமை வளைக்கும் விசை இடைவெளியின் வர்க்கமாக ஏறும். 10 அடி 20 ஆனால் நாலு மடங்கு. அதே பீமை வைத்தால் நடுவே தொய்வு இடைவெளியின் நாலாம் படியாக ஏறும்: பதினாறு மடங்கு.

இதற்கு மாற்று பீமின் உயரத்தில் இருக்கிறது. சாரத்துக்குப் போடும் 6 அங்குல அகலமும் 2 அங்குலக் கனமும் உள்ள பலகையைப் படுக்கையாகப் போட்டு நடங்கள், தொய்யும். அதையே குத்துவாட்டில் நிறுத்திச் சுமையை ஏற்றினால் மூன்று மடங்கு தாங்கும், தொய்வு ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். மரம் ஒன்றுதான், நிற்கும் விதம் மாறியது. பழைய மச்சு வீடுகளில் உத்தரத்தை அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருக்கும்படி ஆசாரிகள் வைத்ததற்கு இதுவே காரணம். ஆகவே, பீம் கீழே தொங்குவது அசிங்கமாக இருக்கிறது, உயரத்தைக் குறையுங்கள் என்று சென்ட்ரிங் அடித்த பிறகு வந்து நிற்காதீர்கள். உயரத்தில் குறைத்த ஒவ்வோர் அங்குலத்துக்கும் கம்பியில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். 14 அடியில் திருப்தி அடைய முடியுமா என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

நெல்லையப்பர் கோயிலில் ஏன் இத்தனை தூண்கள்? அப்போது இந்தக் கணக்கு தெரியாதா?

நன்றாகத் தெரிந்ததால்தான் அத்தனை தூண்கள். கல் அமுக்கத்தை அபாரமாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரண்டு தூண் மேல் கிடக்கும் கல் உத்தரத்தின் மேல்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. விரிசல் அடியில் தொடங்கும். அதனால் இடைவெளியைச் சிறிதாக வைத்துத் தூண்களைக் கூட்டினார்கள். 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபத்தின் வழியாகச் சுவாமி சந்நிதியிலிருந்து காந்திமதி அம்மன் சந்நிதிக்கு நடக்கும்போது மேலே அண்ணாந்து பாருங்கள். கல்லின் எல்லை எதுவோ, அதுவே தூண்களின் தாளமாக மாறியிருக்கிறது.

இழுவையைத் தவிர்க்க வேறொரு வழி வளைவு. கழுத்துச் சங்கிலி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கவிடுங்கள். அதில் இருப்பது வெறும் இழுவை. அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால் வெறும் அமுக்கம். 1675-இல் ராபர்ட் ஹூக் இதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். வளைவு கேட்கும் விலை பக்கவாட்டு உதைப்பு. உயரத்தைப் பாதியாக்கினால் உதைப்பு இரண்டு மடங்கு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி மேல் 1843-இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தில் 11 வளைவுகள் இருந்தன. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. பக்கத்துப் பக்கத்து வளைவுகள் ஒன்றின் உதைப்பை மற்றொன்று வாங்கிக்கொள்வதால் நடுத்தூண்கள் மெலிதாக இருக்கலாம். கரையில் இருக்கும் கடைசித் தாங்கல்கள் மட்டும் முழு உதைப்பையும் தனியாகத் தாங்கியாக வேண்டும். மெஞ்ஞானபுரம் தேவாலயத்தில் காணும் கூர்வளைவுகள் இதே சிக்கலுக்கு வேறு விதமான விடை: உச்சியை உயர்த்தினால் உதைப்பு குறைகிறது.

கோபுரம் மேலே போகப் போகக் குறுகுவது அழகுக்காகவா?

அழகும் உண்டு, எடையும் உண்டு. ஒரு கோபுரத்தின் எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிறது, அடித்தளத்தின் பரப்பு நாலு மடங்குதான் ஆகிறது. அடிக்கல்லின் ஒவ்வொரு சதுர அடியும் முன்பைவிட இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டும். உயரம் கூட வேண்டும், எடை கூடக் கூடாது என்றால் மேலே குறுக்கத்தான் வேண்டும். முழுக் கூம்பாகக் குறுக்கினால் எடை மூன்றில் ஒரு பங்காகிறது. எடையின் மையம் பாதி உயரத்திலிருந்து கால் உயரத்துக்கு இறங்குகிறது. கோபுரம் கூர்முனை வரை போவதில்லை, ஆனாலும் அந்த நன்மையில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்கிறது. கீழே கருங்கல், மேலே செங்கலும் சுதையும், உள்ளே நிலை நிலையாக வெற்றிடம் என்று பொருளிலும் எடையைக் குறைத்திருக்கிறார்கள்.

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் ஏறத்தாழ 180 அடி. நெடுங்காலம் சிதைந்து நின்று, 1990-இல் மறுபடி முழுமையாக எழுந்தது. அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதில் ஒரு குறை வந்தால் அதைத் திருத்திக் காப்பவரைத் தான் பணிவதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். தான் கட்டியது என்றைக்காவது பழுதுபடும் என்று அறிந்து, முகம் தெரியாத கொத்தனுக்கு முன்கூட்டியே வணக்கம் சொன்ன அரசன். என் தொழிலில் நான் படித்த வரிகளில் என்னை அதிகம் அசைத்தது அதுதான்.

இசைத்தூண்களில் சுரம் வேறுபடுவது எப்படி? உள்ளே கூடா?

கூடாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டு முனையும் இறுகப் பிடித்த ஒரு கல் தண்டைத் தட்டினால் அது அதிரும் வேகம், தண்டின் கனத்துக்கு (தடிமனுக்கு) நேர்விகிதத்திலும் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். நெல்லையப்பர் கோயிலின் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் நடுத்தூணும் அதைச் சூழ்ந்த சிறு தூண்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. உயரம் ஏறத்தாழ ஒன்று என்றால், சுரத்தை மாற்றக் கையில் இருப்பது கனம் மட்டும். கனத்தை இரட்டித்தால் அடுத்த ஸ்தாயி. இடையில் உள்ள சுரங்களுக்குக் கனத்தில் எவ்வளவு நுண்ணிய வேறுபாடு தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள். செதுக்கி எடுத்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. சுரம் தாண்டிவிட்டால் தூண் போயிற்று. தயவுசெய்து அந்தத் தூண்களைக் கல்லாலோ நாணயத்தாலோ தட்டிப் பார்க்காதீர்கள். தேய்ந்தால் சுரம் இறங்கும்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பற்றி மாணவர்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

நாம் கீழிருந்து மேலே கட்டுகிறோம். அவர்கள் மலையைக் குடைந்து மேலிருந்து கீழே வந்தார்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, முடியாமல் நின்றுவிட்டது. நின்றதே நமக்குப் பாடம். எட்டுப்பட்டைச் சிகரமும் அதைச் சுற்றிய சிற்பங்களும் நிறைவாக இருக்க, அடிப்பகுதி வெறும் பாறையாக இருக்கிறது. அடித்தளத்தைப் பார்க்காமலே உச்சியின் மையத்தைத் தீர்மானிக்க வேண்டும். அந்த மையத்திலிருந்து விழும் செங்குத்துக் கோடு பாறைக்குள் எங்கே போகும் என்பது மனத்தில் இருந்தாக வேண்டும். வரைபடம் போடும் எவரும் ஒரு முறையாவது அந்த மலையில் ஏறி, அந்தக் கோட்டைக் கண்ணால் தேடிப் பார்க்க வேண்டும்.

கிணறு ஏன் வட்டமாக இருக்கிறது?

சுற்றியுள்ள மண் எல்லாப் பக்கமும் உள்நோக்கித் தள்ளுகிறது. வட்டமான உறையில் அந்தத் தள்ளல் கற்களை ஒன்றோடொன்று இறுக்குகிறது. சதுரமாகக் கட்டினால் நேர்ச்சுவரின் நடுப்பகுதி உள்ளே வளைந்து பிளக்கும். பாறையில் வெட்டிய தோட்டத்துக் கிணறுகளைச் சதுரமாக விட்டிருப்பதைப் பார்க்கலாம். பாறை தானே நிற்கும். அதற்கு வட்டம் தேவையில்லை.

மாடிப்படியில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, இறங்கினால் தடுக்குகிறது. என்ன தவறு?

படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி அதோடு மிதியின் அகலத்தைக் கூட்டுங்கள். 24 அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக் கலைஞர் பிளாண்டெல் மனித நடையின் நீளத்தை வைத்துச் சொன்ன கணக்கு இது. தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் 18 எழுச்சி, ஒவ்வொன்றும் ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மிதி பத்தரை அங்குலம். 17 மிதிக்கும் சேர்த்து 14 அடி 10½ அங்குலம் ஓட்டம் வேண்டும். அந்த இடம் வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தடுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் படியும் கடைசிப் படியும். தரையில் பின்னால் இரண்டு அங்குலம் டைல்ஸ் ஏறும் என்பதை மறந்து படி வார்த்திருப்பார்கள். கால் ஒரே உயரத்துக்குப் பழகிவிடுகிறது, ஒரு படி மட்டும் குறைந்தால் ஏமாறுகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

ஓட்டுக்கூரைக்கு ஓடு எப்போதும் குறைந்துபோகிறதே?

தரைப் பரப்பை வைத்து வாங்குவதால். பாதி அகலம் 8 அடி, முகட்டு உயரம் 6 அடி என்றால் சரிவின் நீளம் 10 அடி. தரையைவிடக் கூரை நாலில் ஒரு பங்கு கூடுதல். இறவாணத்துக்கும் (சுவருக்கு வெளியே நீளும் கூரைக்கும்) தனியாகச் சேர்க்க வேண்டும். செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரல் மழைக்காகச் சரிவைக் கூட்டினால் ஓடும் கூடும்.

ஆயாதிப் பொருத்தம், மனையடி சாஸ்திரம் பார்க்க வேண்டுமா?

ஆயாதி என்பது மீதிக் கணக்கு. எடுத்துக்காட்டாக, சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து மீதியைப் பார்ப்பது யோனிப் பொருத்தம். மீதி பிடிக்கவில்லை என்றால் சில அங்குலங்களைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். அந்த எண் சுவரின் வலிமையை மாற்றாது. வீட்டுப் பெரியவர்களின் மன அமைதியை மாற்றும். அதுவும் ஒரு வீட்டுக்குத் தேவைதான். ஆகவே நான் அங்குலங்களில் விட்டுக்கொடுக்கிறேன். ஜன்னலை அடைக்கச் சொன்னாலோ, பீம் உட்கார வேண்டிய தூணை நகர்த்தச் சொன்னாலோ, மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடுகிறேன்.

தங்க விகிதத்தில் கட்டினால் வீடு அழகாகுமா?

1.618 என்ற எண்ணுக்குத் தனியாக அப்படி ஒரு சக்தி கிடையாது. நம் சிற்ப நூல்கள் 64 கட்டம், 81 கட்டம் என்று முழு எண்களில்தான் இடத்தைப் பிரித்தன. அந்தக் கோயில்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஒரு விகிதத்தைத் தேர்ந்தெடுத்து, கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றிலும் அதையே பின்பற்றினால் கண்ணுக்கு ஒழுங்கு தெரியும்.

என் மகள் பத்தாம் வகுப்பு. முக்கோணவியல் எதற்கென்று கேட்கிறாள். என்ன காட்டலாம்?

பாளையங்கோட்டைத் தேவாலயத்தின் ஊசிக் கோபுரத்துக்கு ஒரு டேப்போடு அழைத்துப் போங்கள். நம் ஊரில் வருடத்தின் எந்த நாளிலும், மேகம் மறைக்காவிட்டால், காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பரில்கூட நடுப்பகல் உயரம் 57 பாகைக்கு மேல் இருப்பதால் இது நிச்சயம். அந்த நேரத்தில் அவளுடைய நிழல் அவள் உயரத்துக்குச் சமமாகும். மார்ச் மாதத்தில் என்றால் காலை ஒன்பதரை வாக்கில் அவளை வெயிலில் நிற்க வைத்து, நீங்கள் அவள் நிழலை அளந்துகொண்டே இருங்கள். இரண்டும் சமமான நிமிடத்தில் ஓடிப்போய்க் கோபுர நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிழலைச் சுவரிலிருந்து அளக்கக் கூடாது. உச்சி இருப்பது கோபுரத்தின் நடுவில். எனவே நிழல் விழும் திசையில் அடிப்பாகத்தின் பாதி அகலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதியை அவளே கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருங்கள்.